மீடியம் அளவு

என் மனைவியை நான் முதலில் பார்த்தது ஒரு சரக்கு லிஃப்டுக்குள். அது நான்கு மாடித் தையல் கம்பெனி. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று போன் வந்தது. நான் லிஃப்ட் மெக்கானிக். வெளிக்கதவைத் திறக்கும் முக்கோணச் சாவியைப் போட்டுத் திறந்து எட்டிப் பார்த்தால், துணி மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெண் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். பயத்தில் விறைத்துப்போய்விட்டாள் என்று நினைத்துக் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க, குத்தும்" என்றாள்.

உடம்பு முழுக்கக் குண்டூசி. பாதி தைத்த கவுன் ஒன்றை அவள்மேல் போட்டு, இடுப்பிலும் தோளிலும் ஊசி குத்திப் பிடித்திருந்தார்கள். அப்படியே மேல்மாடி மேலாளரிடம் காட்டப் போனவள் வழியில் மாட்டிக்கொண்டாள். அவளைக் குத்தாமல், என்னையும் குத்திக்கொள்ளாமல் அங்கிருந்து தூக்கி இறக்க எனக்கு இருபது நிமிடம் ஆயிற்று.

அவள் அங்கே தையல்காரி. ஆனால் அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருந்தது. கம்பெனியில் எந்தப் புது உடுப்பு தைத்தாலும் அதன் முதல் சாம்பிளை அவள் போட்டுக் காட்டவேண்டும். கட்டிங் மாஸ்டர் ஒருநாள் பதினோரு பெண்களை வரிசையாக நிற்கவைத்து அளந்ததில், அவளுடைய தோள், மார்பு, இடுப்பு எல்லாமே மீடியம் அட்டவணைக்கு நூல் பிசகாமல் பொருந்தியதாம். அன்றிலிருந்து அவள் பெயர் மீடியம். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி யோசித்துத்தான் திரும்புவாள். கட்டிங் அறைச் சுவரில் அவள் அளவுக்கு வெட்டிய பழுப்பு அட்டைகள் கொக்கிகளில் தொங்கும். முன்பக்கம், முதுகு, கை, கழுத்து என்று தனித்தனியாக. "எங்கெங்கயோ இருக்கிற பொம்பளைங்க எல்லாம் உன் உடம்பத்தான் போட்டுக்கிட்டுத் திரியறாங்க" என்பார் மாஸ்டர்.

அந்த மாதம் அதே லிஃப்ட் இன்னும் இரண்டு தடவை பழுதானது. மாஸ்டர் என் தோளில் கை போட்டு, "தம்பி, கோளாறு லிஃப்டுலயா, உங்ககிட்டயா?" என்று கேட்டார். அடுத்த வருடம் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. நான் அவளை மீடியம் என்றே கூப்பிட்டேன். அவள் என்னை லிஃப்ட்காரரே என்பாள்.

எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் ஆறாவது மாடியில் குடியிருந்தோம். அந்த லிஃப்டையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒரு மகள் பிறந்தாள்.

மகளுக்கு மூன்று வயது முடிந்த சமயத்தில் என் மனைவி லிஃப்ட் கதவுக்கு முன்னால் நிற்க ஆரம்பித்தாள். பொத்தானை அமுக்கமாட்டாள். தலையை லேசாகச் சாய்த்து நிற்பாள்.

"உள்ள ஒரு பொண்ணு பேசறா" என்றாள் ஒருநாள்.

நான் சிரித்தேன். என் தொழில் அல்லவா? "லிஃப்ட் குழி ஒரு பெரிய குழாய் மாதிரி. ரெண்டாவது மாடில யாராவது பேசினா ஆறாவது மாடில பக்கத்துல கேக்கும்" என்று விளக்கினேன். அவள் தலையாட்டினாள். அடுத்த வாரமும் சொன்னாள், அடுத்த வாரமும் விளக்கினேன். இரண்டு மாதம் இப்படியே விளக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் தூக்கத்தை விட்டிருந்தாள். லிஃப்ட் கதவின் இடுக்கில் ஈரத்துணியைத் திணித்து வைத்தாள். பிறகு ஒருநாள் மாஸ்டர் எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, உடனே வாங்க. சுவத்துல இருந்த அட்டைய எல்லாம் கழட்டி மேசைக்கு அடியில வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கு. யாரையும் கிட்ட விட மாட்டேங்குது. 'என்னத் துண்டு துண்டா மாட்டி வெச்சிருக்கீங்களே'ன்னு அழுவுது."

ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மாத்திரை கொடுத்தார்கள். பத்தொன்பதாம் நாள் நான் பார்க்கப் போனபோது கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டா" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம். அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம் இல்லை என்பதை அப்போது கவனித்தேன். ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை. யாரையோ ரயில் ஏற்றிவிட்டு வெறும் நடைமேடையில் நிற்பவள்போல இருந்தாள்.

குரல் போன இடத்தில் பசி வந்து உட்கார்ந்தது. அதைப் பசி என்று சொல்வதே தப்பு. ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது, சமையலறையில் நின்றபடியே சட்டியிலிருந்து வெறும் சோற்றை அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது. வாய் நிற்கவில்லை.

"வயிறு நெறஞ்சிருக்கு. தொட்டுப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கு. ஆனா அது மேல தெரிய மாட்டேங்குது. நெறஞ்சிடுச்சின்னு யாரும் எனக்குச் சொல்ல மாட்டேங்கறாங்க" என்றாள்.

ஐம்பத்திரண்டு கிலோவாக இருந்தவள் பதினான்கு மாதத்தில் எண்பத்தொன்று ஆனாள். முதலில் கன்னம், பிறகு வயிறு, பிறகு முதுகுகூட மாறியது. மோதிரத்தைச் சோப்பு போட்டுக் கழற்றி வைத்தாள். பகலில் இரண்டு தடவை தூங்கினாள். மாஸ்டர் நல்ல மனிதர். "நீ கொஞ்ச நாள் மெஷின்லயே இரும்மா, நிக்கறது சிரமம்" என்று சொல்லி, சாம்பிள் போட வேறு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டார். பழக்கதோஷத்தில் யாராவது "மீடியம்" என்று கூப்பிடுவார்கள், பாதியிலேயே நிறுத்திக்கொள்வார்கள். கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அந்தப் பாதி வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை என்று பின்னால் சொன்னாள். சுவரில் அந்த அட்டைகள் அப்படியேதான் தொங்கின. அவள் உட்கார்ந்து தைத்தது எல்லாம் அந்த அளவுக்குத்தான். தனக்கு நுழையாத தன் உடம்பை நாளைக்கு நாற்பது தடவை தைத்தாள்.

ஒரு காலையில் எங்கள் கட்டட லிஃப்டில் ஐந்தாறு பேர் இருந்தோம். அவள் கடைசியாகக் காலை வைத்ததும் எடை மணி அடித்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மூலையில் ஒருவர் இரண்டு சிமெண்ட் மூட்டைகளோடு நின்றிருந்தார். மணி அவரால்தான் அடித்தது, எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்வதற்குள் அவள் இறங்கிவிட்டாள். அதற்குப் பிறகு ஆறு மாடியும் படிதான்.

மகளுக்கு அப்போது ஐந்து வயது. என் போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவள் ஒன்றில் நிறுத்தினாள். "இது யாரு? சித்தியா?" என்று கேட்டாள். அவள் அம்மாதான் அது. மஞ்சள் கவுனில், கழுத்து நீண்டு. என் மனைவி அடுத்த அறையிலிருந்து, "ஆமா கண்ணு, சித்திதான்" என்று குரல் கொடுத்தாள். அவளுக்குத் தங்கை கிடையாது.

அவள் உடம்பைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன், எனக்குள். ஆனால் சொல்லாமலேயே நிறையச் சொல்லியிருக்கிறேன். படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். தெருவில் இரண்டடி முன்னால் நடந்தேன். அந்த மஞ்சள் கவுன் படத்தைப் போனில் வேறு ஒரு இடத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளையில் லிஃப்ட் கூரைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உயிரோடு இருக்கிற மனைவிக்குத் துக்கம் அனுசரித்துக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

எடையைப் பற்றி ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் அவளே சொன்னாள். "ரொம்ப ஏறுது டாக்டர்."

"மாத்திரையால ஏறும். சாப்பாட்டக் குறைங்க, தெனம் நடங்க. மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க. அடுத்த தடவ பாக்கலாம்" என்றார். அடுத்த தடவை என்பது மூன்று மாதம் கழித்து. அப்போதும் அதையேதான் சொன்னார். வெளியில் நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மாதாமாதம் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று அட்டை மாத்திரை வாங்கி வந்து கட்டில் பக்கத்து டிராயரில் வைப்பது என் வேலை. ஒரு மாதம் டிராயரைத் திறந்தபோது பழைய அட்டையில் எட்டு மாத்திரை மிச்சம் இருந்தது. மறந்திருப்பாள் என்று நினைத்தேன். அடுத்த மாதம் திறந்தபோது மூன்று அட்டையும் உடைக்காமல் இருந்தன. நான் கையில் புது அட்டைகளோடு நின்றேன். கூடத்தில் அவள் மகளோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. பழைய அட்டைகளுக்கு மேல் புது அட்டைகளை அடுக்கினேன். டிராயரை மூடினேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. அதற்கு அடுத்த மாதமும் அதையே செய்தேன்.

அவள் இளைத்தாள். பசி போயிற்று, கண்ணில் வெளிச்சம் வந்தது, பகல் தூக்கம் நின்றது. பத்து வாரத்தில் ஒன்பது கிலோ குறைந்தது. படியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் நிறுத்தி விசாரித்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன மாயம் பண்ணின? எனக்கும் சொல்லேன்" என்றாள். மாஸ்டர், "இன்னும் ஆறு மாசம் போனா பழையபடி சாம்பிள் வேலை உனக்குத்தான்" என்றாராம். ஒருநாள் நானே அவள் பின்னால் போய் நின்று, "மீடியம்" என்று கூப்பிட்டேன். வெகுநாளைக்குப் பிறகு. அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் என்னால் எதிலும் சேர்க்க முடியவில்லை. வெட்கம்போல இருந்தது. கணக்கு ஒன்று சரியாக வந்துவிட்டதுபோலவும் இருந்தது.

ஊரே கைதட்டியது, நானும் சேர்ந்து தட்டினேன். ஒரே ஒரு ஆள் தட்டவில்லை. மகள் ஒருநாள் ஷூ மாட்டிக்கொண்டே, "அம்மா ஏம்பா எப்பவும் லிஃப்டுகிட்டயே நிக்கறாங்க? படிலதானே போவாங்க?" என்று கேட்டாள்.

"மூச்சு வாங்கும்டா, அதான் நிக்கறாங்க" என்றேன். எனக்கு விளக்கம் சொல்ல எப்போதும் ஒன்று கிடைத்துவிடும்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்தில் வேலையை முடித்துவிட்டு வந்து, கீழே லிஃப்ட் பொத்தானை அமுக்கினேன். விளக்கு எரியவில்லை. கயிற்றுச் சத்தமும் இல்லை. மின்சாரம் இருந்தது. அப்படியென்றால் ஏதோ ஒரு மாடியில் வெளிக்கதவு திறந்திருக்கிறது. ஒரு கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் நகராது. அதற்காகத்தான் அந்தப் பூட்டு. யாரோ எதையோ இடுக்கில் வைத்துவிட்டார்கள் என்று சலித்துக்கொண்டே படி ஏறினேன். மூன்றாவது மாடித் திருப்பத்தில்தான் உறைத்தது. வெளிக்கதவை வெளியிலிருந்து திறக்க முக்கோணச் சாவி வேண்டும். ஒன்று என் இடுப்பில் இருந்தது. இன்னொன்று வீட்டில், பழைய கருவிப் பையில்.

மீதி மூன்று மாடியை எப்படி ஏறினேன் என்று தெரியாது.

ஆறாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்திருந்தது. தானாக மூடிக்கொள்ளாமல் இருக்க எங்கள் சமையலறை ஸ்டூலைக் குறுக்கே வைத்திருந்தாள். உள்ளே லிஃப்ட் கூண்டு இல்லை, வெறும் இருட்டு. அந்த இருட்டுக்குள் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, விளிம்பில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் கவுனைப் போட்டிருந்தாள். முதுகில் ஜிப் ஏறவில்லை. ஒரு சாண் இடைவெளியை ஊக்குகளால் பிடித்திருந்தாள், ஊக்கு ஒவ்வொன்றும் சதையை இழுத்துச் சிவக்க வைத்திருந்தது. பக்கத்தில் மகள் நின்றிருந்தாள். அவளுடைய ஒரு கை அம்மாவின் கைக்குள் இருந்தது. இன்னொரு கையால் கதவு நிலையை இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல் நகங்கள் வெளுத்திருந்தன.

"அப்பா வந்துட்டாங்க" என்றாள் மகள். அழவில்லை. அழக்கூடாது என்று யாரும் சொல்லாமலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது.

"மெதுவா வாங்க" என்றாள் என் மனைவி. "சத்தம் போட்டா அவ பயந்துடுவா."

பாய்ந்து இழுக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவள் உதறினால் மகளும் போய்விடுவாள். நான் கால் மடக்கித் தரையில் உட்கார்ந்தேன். ஆறு மாடிக் குழியின் எண்ணெய் வாடையும் குளிர்ச்சியும் முகத்தில் அடித்தன. வாழ்நாளெல்லாம் அந்தக் குழிகளுக்குள் வேலை செய்தவன் நான். அன்றுதான் அதை முதல்முறை பார்ப்பதுபோல இருந்தது.

"யாரு பயந்துடுவா?"

"அவதான். எவ்வளவு நாளா உள்ளயே நிக்கறா, பாவம். நல்ல வார்த்தை சொல்லித்தான் கூப்பிட்டா. நான்தான் ரெண்டு வருஷமா காதப் பொத்திக்கிட்டு இருந்துட்டேன்." அவள் குரல் தெளிவாக இருந்தது. "மாத்திக்கலாம்னு பேசி முடிச்சிட்டோம். அவ வெளிய வருவா, நான் உள்ள போவேன். இந்தச் சட்ட அவளுக்குச் சரியா இருக்கும்."

நான் உட்கார்ந்தபடியே மகள் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்தேன்.

"உங்களுக்கும் அவளத்தானே புடிக்கும்" என்றாள். கோபமே இல்லாமல், ரசம் வேண்டுமா மோர் வேண்டுமா என்பதுபோலச் சாதாரணமாக.

"பாப்பா, அப்பாவுக்குத் தாகமா இருக்கு. உள்ள போய் ஒரு டம்ளர் தண்ணி கொண்டு வரியா?" என்று மகளிடம் கேட்டேன்.

"கைய விட முடியாதுப்பா" என்றாள் மகள்.

என் மனைவி அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு கணம் அவள் அம்மாவாகவே இருந்தாள். "போ கண்ணு, அப்பாவுக்குத் தண்ணி கொண்டு வா" என்று சொல்லிக் கையை விட்டாள். மகள் உள்ளே ஓடினாள். நான் அந்த இடத்துக்கு நகர்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். ஈரமாக இருந்தது.

"நீ மாத்திரை போடலன்னு எனக்குத் தெரியும்" என்றேன். ஏன் அதை அப்போது சொன்னேன் என்று தெரியாது.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்." அவள் குழியைப் பார்த்தபடியே பேசினாள். "பழைய அட்ட மேல புது அட்டைய வெச்சீங்களே. பாத்தேன். ரெண்டு நாள் காத்திருந்தேன், ஏதாவது கேப்பீங்கன்னு. கேக்கல. சரி, இவருக்கும் இதுதான் வேணும்னு நெனச்சேன்."

கீழே எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. நான் பிடித்திருந்த கை மெல்ல முன்பக்கம் சாய ஆரம்பித்தது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். உதடு லேசாக அசைந்தது.

அப்போது எனக்கு வாயில் வந்தது ஒரு பொய்.

"இங்க பாரு. மாட்டிக்கிட்ட ஆள எடுக்கறது என் வேலை. பழக்கம் இல்லாம நீ எறங்கினா கயிறு சுத்திக்கும், அவளுக்கும் அடிபடும். நான் எறங்கி எடுக்கறேன். நீ எழுந்து கொஞ்சம் வழி விட்டாத்தான் முடியும். அவகிட்ட கேட்டுப் பாரு."

அவள் குனிந்தாள். மேலும் குனிந்தாள். நான் மணிக்கட்டைப் பிடித்த கைக்கு என் முழு உடம்பையும் கொடுத்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. குழிக்குள்ளிருந்து எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

"சரிங்கறா" என்றாள்.

ஒரு காலை மேலே எடுத்தாள், பிறகு இன்னொரு காலை. எழுந்து நின்று சுவர் ஓரமாக ஒதுங்கி எனக்கு மரியாதையாக வழி விட்டாள். நான் ஸ்டூலை உருவினேன். கதவு தன் எடையில் நகர்ந்து வந்து, கிளிக் என்று பூட்டிக்கொண்டது.

"எடுக்கலையே?" என்றாள்.

நான் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

"எடுக்கறேன்னு சொன்னீங்களே! பொய் சொல்லிட்டீங்களா? அவளும் நம்பிட்டாளே!"

இரண்டு உள்ளங்கைகளாலும் அந்த இரும்புக் கதவை அறைந்தாள். முதுகில் ஊக்குகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. மாடியில் எல்லா வீட்டுக் கதவும் திறந்தன. எதிர்வீட்டு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மகள் தண்ணீர் டம்ளரைச் சிந்தாமல் பிடித்தபடி வாசலில் நின்றாள். டாக்ஸியில் ஆஸ்பத்திரி போகும்வரை என் மனைவி திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள். "நம்பிட்டாளே. உங்கள நம்பித்தானே சரின்னா."

இந்தத் தடவை நான்கு வாரம். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தபோது டிராயர் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ரொம்ப ஏறுதுன்னு ரெண்டு தடவ சொன்னாங்க. பழைய சீட்டுல என் கையெழுத்துலயே இருக்கு. நடக்கச் சொல்லி அனுப்பிச்சேன். அந்த உடம்போட தெனம் என்ன பாடு படறீங்கன்னு நான் கேக்கல. நீங்களும் கேக்கல" என்றார். பிறகு வேறு மாத்திரை எழுதினார். இது எடையைக் குறைவாகத்தான் ஏற்றும், ஆனால் ஒன்றைக் குறைத்து இன்னொன்றை ஏற்ற ஆறு வாரம் ஆகும், கூடவே பசியை அடக்க ஒரு மாத்திரை, மாதம் ஒரு தடவை நேரில் வரவேண்டும், இரண்டு பேரும் வரவேண்டும் என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை எல்லையில் நின்றது. அதையும் எழுதினார்.

அது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது எழுபத்தாறு கிலோ இருக்கிறாள். சில மாதமாகக் கூடவுமில்லை, குறையவுமில்லை. வேறு தெருவில் தரைத்தளத்தில் வீடு பார்த்துக்கொண்டோம். கம்பெனிக்குப் போகிறாள், தைப்பதில்லை. தைத்து முடித்த உடுப்புகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டும் பிரிவில் உட்கார்கிறாள். அந்த அறையில் சுவரில் எதுவும் தொங்கவில்லை, அதனால்தான் கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கே அவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படித்தான். அவள் என்னை இப்போது எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் வந்து நின்று பேச ஆரம்பித்துவிடுகிறாள்.

அவளோடு சேர்ந்து நடக்கும்போது நான் முன்னால் போவதில்லை. அதை ஒரு வேலையாகப் பழகிக்கொண்டேன். ஆரம்பத்தில் வேலையாகத்தான் இருந்தது. போனில் இருந்த படத்தை அழிக்கப் போனேன். அவள் பார்த்துவிட்டு, "இருக்கட்டும். பொண்ணு பெரியவளானா கேப்பா" என்றாள்.

மகளுக்கு ஏழு வயது. சாலையைக் கடக்கும்போது என் கையைப் பிடிப்பாள். இன்னொரு கையால் பக்கத்தில் எது இருக்கிறதோ, கம்பமோ, சுவரோ, அதையும் பிடித்துக்கொள்வாள். விடச்சொல்லி இழுத்தால்தான் வருவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் அவளாகவே சொன்னாள். "அன்னிக்கு அம்மா ரொம்ப கனமா இருந்தாங்கப்பா. போனா நானும் போயிடுவேன்னு தெரியும். அதான் கதவப் புடிச்சிக்கிட்டேன்." சொல்லிவிட்டுப் பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள்.

போன மாதம் ஒரு சாயங்காலம், கொடியிலிருந்து எடுத்து வந்த துணிகளை என் மனைவி கட்டிலில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து சாக்ஸுகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தேன்.

"அவ என்னத் திட்டினதே இல்ல, தெரியுமா" என்றாள்.

கை நின்றுவிட்டது எனக்கு.

"மத்தவங்களுக்கு எல்லாம் கெட்ட கெட்ட வார்த்தையா கேக்குமாம். வார்டுல சொல்லுவாங்க. எனக்கு அப்படி இல்ல. சாப்பிட்டியான்னு கேப்பா. கால் வலிக்குதான்னு கேப்பா. கடைசி நாள்கூட, பாத்து எறங்குன்னுதான் சொன்னா." மகளின் பள்ளிச் சட்டையை உதறிக் கை மடிப்பைச் சரி செய்தாள். "நீங்க, டாக்டரு, எல்லாரும் அவ என்ன சொல்றான்னு கேட்டீங்க. அவ எப்படிப்பட்டவன்னு ஒருத்தரும் கேக்கல."

"இப்ப கேக்குதா?" என்றேன். பயத்தை மறைத்துத்தான் கேட்டேன். மறையவில்லை.

"இல்ல. பயப்படாதீங்க, மாத்திரையெல்லாம் போடறேன். எண்ணிப் பாருங்க வேணும்னா." ஒரு துண்டை எடுத்து நான்காக மடித்தாள். "இல்லைங்கறதத்தான் சொல்றேன். காது அவ்வளவு சும்மா இருக்கு."

வருத்தமாக இருக்கிறதா என்று கேட்கலாம். ஆமாம் என்றால் நான் என்ன செய்வது? தெருவில் யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. அவள் தலையை அந்தப் பக்கம் திருப்பி, அது சைக்கிள்தான் என்று தெரிந்ததும் மறுபடி துணிக்கு வந்தாள்.

"எப்படிப்பட்டவ?" என்று கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மடித்த துணிகளைத் தள்ளிவைத்து, கட்டிலில் எனக்குக் கொஞ்சம் இடம் விட்டாள். நான் போய் உட்கார்ந்தேன். இருட்டும்வரை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து விளக்குப் போடவில்லை.